சீர் லாரி ஒரு சொட்டும் ஒழுகாது என்று எழுதிக் கொடுத்தது

திருச்செங்கோடு,
புதன்கிழமை காலை.

இளம்பிள்ளை சேலை வியாபாரம் மாப்பிள்ளை சந்திரசேகர் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் மைத்துனன் அர்த்தநாரி கைகூப்பி எழுதுவது. இங்கே லாரி நீங்கலாக நானும் என் சம்சாரம் கந்தம்மாளும் சௌக்கியம். லாரியும் நேற்றுச் சாயங்காலத்திலிருந்து சௌக்கியம்தான். அங்கே தாங்களும், என் தங்கச்சி செல்லாயியும், நாளைக்கு மணவறை ஏறப்போகும் கனிஷ்காக் கண்ணும், தங்கள் தறிகளும் நலமாயிருக்க மலைமேல் இருக்கும் சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறந்தேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று தாங்கள் கேட்க மாட்டீர்கள், கேட்டதே தாங்கள்தான். பந்தக்கால் நட்ட அன்று, சொந்தபந்தம் எல்லாம் சுற்றி உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்த இடத்தில், "மச்சான், நீங்க போன்ல சொன்னதெல்லாம் போதுமுங்க. தாய்மாமன் சீரு புதன்கெழம பொழுது எறங்கறதுக்குள்ள மண்டபத்துக்கு வந்து சேருமா சேராதான்னு எழுத்துல குடுங்க. இல்லீன்னா அன்பரசு மச்சான மாமன் மொறைக்கு நிக்கச் சொல்லிப்போடறேன்" என்று சொன்னீர்கள். அந்தக் காபி எனக்கு இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது. அன்பரசு என் சித்தப்பா மகன். முறைப்படி அவனும் கனிஷ்காவுக்கு மாமன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ரிக் வண்டி வைத்து ஊர் ஊராகப் போய்ப் போர்வெல் போட்டுச் சம்பாதித்திருக்கிறான், வண்டியெல்லாம் புதுசு, எதுவும் ஒழுகாது, எல்லாம் சரி. ஆனால் கூடப் பிறந்த அண்ணன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது அவன் வந்து பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டுவதா? காது குத்தும்போது அந்தப் பிள்ளை யார் மடியில் உட்கார்ந்து அழுதது? யார் வேட்டியை நனைத்தது? அன்பரசு வேட்டியையா? கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள் மாப்பிள்ளை, இது பயம்.

தங்கள் புது வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று நான் பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு வந்து சேர்ந்தது உண்மை. மாமன் வீட்டுக் குத்துவிளக்கு லாரியில் இருந்ததால் தாங்கள் பக்கத்து வீட்டு விளக்கை வாங்கி ஏற்றியதும் உண்மை. சங்ககிரி மேட்டில் போனட்டுக்குள்ளிருந்து புகை வந்தது. புகை என்று நினைத்து நானும் டிரைவர் மாதேஷும் குதித்து ஓடினோம், பிறகு பார்த்தால் ஆவி. ரேடியேட்டரில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அதற்கு அப்போதே வாடகை வண்டி பிடித்திருக்கலாமே என்று தங்கள் பெரியம்மா எல்லோர் முன்னாலும் கேட்டார்கள். லாரி வைத்திருக்கிற திருச்செங்கோட்டுக்காரன் தங்கச்சி ஊட்டுச் சீரை வாடகை வண்டியில் இறக்கினால், ஆயுசுக்கும் அதையே அல்லவா சொல்வார்கள்? அதனால்தான் இந்தக் கல்யாணத்துக்குள் ஒழுகலைக் கண்டுபிடித்து அடைத்தே தீருவது என்று இறங்கினேன்.

ஒழுகுகிற இடம் தெரிந்தால் அடைத்துவிடலாம், தெரியவில்லை என்பதுதான் தொந்தரவு. ஓடிவிட்டு வந்த வண்டியை ஆறவிட்டுக் காலையில் மூடியைத் திறந்தால் தண்ணீர் ஒரு சாண் இறங்கியிருக்கும். அடியில் குனிந்து பார்த்தால் தரை காய்ந்து கிடக்கும். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்து லாரிக்கு அடியில் விரித்து வைத்தேன். அதிலும் ஒரு பொட்டு ஈரமில்லை. குடித்த தண்ணீர் எங்கே போகிறது? மேல் ஹோஸில் வெடிப்பு இருந்தது, மாற்றினேன். கிளிப்பெல்லாம் மாற்றினேன். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் செத்துப்போயிருந்தது, புது மூடி போட்டேன். தண்ணீர் குறைந்துகொண்டேதான் இருந்தது. எங்கள் ஊரில் ஒரு லாரி நின்றால் ஊரே மெக்கானிக் என்பது தங்களுக்குத் தெரியும். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று, போனட்டுக்குள் தலையை விட்டு, "ஹெட் கேஸ்கட்டுங்க" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் சொல்லிவிட்டுப் போவார்கள். காலையில் நடைக்குப் போகிற ரிட்டயர்டு தபால்காரர், வாழ்நாளில் சைக்கிளைத் தவிர ஒன்றும் ஓட்டாதவர், அவரும் சொன்னார். எஞ்சின் தலைக்கு அடியில் இருக்கிற அந்தக் கேஸ்கட் போயிருந்தால் தண்ணீர் ஆயிலில் கலந்து ஆயில் டீ நிறத்துக்கு வந்துவிடும் என்றார்கள். அன்றிலிருந்து எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன் ஆயில் பார்க்கிற கம்பியை உருவி உருவிப் பார்ப்பேன். ஆயில் கறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் கந்தம்மாள் டீ கொண்டுவந்து வைத்தால் எனக்கு ஆயில் ஞாபகம்தான் வரும். டீயையே விட்டுவிட்டேன்.

கடைசியில் நாமக்கல் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் மோகன்குமாரிடம் கொண்டுபோய் நிறுத்தினேன். கெட்டிக்காரர்தான், ஆனால் வாய் ஓயாது. ஒரு போல்ட்டுக்கு ஒரு கதை சொல்லுவார். "ரேடியேட்டர் தண்ணிய எறக்கிப் பாத்துப்போடலாமுங்கண்ணா" என்று அடியில் படுத்து வடிகால் திருகைக் கழற்றினார். ஒன்றும் வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தினார். கெட்டியாக, மஞ்சளாக, பொத்தென்று அவர் சட்டைமேல் விழுந்தது. மோகன்குமார் அப்படியே படுத்தபடி முகர்ந்து பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, ரேடியேட்டர்ல சாம்பாரா வெச்சுருக்கறீங்க?"

தங்களுக்குத் தறி தெரியும், லாரி தெரியாது, அதனால் சொல்கிறேன். நடுரோட்டில் ரேடியேட்டர் ஒழுகினால் லாரிக்காரர்கள் ஒரு பிடி மஞ்சள் தூளை உள்ளே போடுவார்கள். சூட்டில் ஊறி, ஓட்டையில் போய் அப்பிக்கொண்டு, ஊர் போய்ச் சேரும்வரை தாங்கும். ஒரு பிடி, ஒரு தடவை. நான் என்ன செய்தேன் என்றால், கல்யாணம் நெருங்குகிறதே என்ற பதற்றத்தில், யாருக்கும் தெரியாமல் வாரம் ஒரு பிடி போட்டுவந்தேன். மாதேஷைத் திரும்பிப் பார்த்தேன். அவன் தலையைச் சொறிந்தான். "நானும் லோடு ஏத்தறப்பெல்லாம் கொஞ்சம் போடுவேனுங்க. உங்ககிட்டச் சொன்னா வண்டிய நிறுத்திப்போடுவீங்கன்னு சொல்லலீங்க." சரி, ஆளுக்கு ஒரு பக்கம் போட்டிருக்கிறோம், போகட்டும் என்று வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சிரித்தால், கந்தம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அடுப்படிக்குள் போய்விட்டாள். பின்னாலேயே போய் என்னவென்று கேட்டேன்.

"வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வண்டிக்குப் பொட்டு வெக்கறப்போ, நானும் ஒரு கரண்டி உள்ள போட்டுக்கிட்டுத்தானுங்க இருக்கறேன். நாத்தனாகிட்ட நம்ம மானம் போயிறக் கூடாதுன்னு. நல்ல மஞ்சளுங்க, நாமே வெரலி வாங்கி அரச்சது."

மூன்று பேரும் சேர்ந்து கல்யாணச் சமையலுக்கு வேண்டிய மஞ்சளை எஞ்சினுக்குப் போட்டிருக்கிறோம். உள்ளே தண்ணீர் ஓட வழியே இல்லை. அது கொதிக்காமல் என்ன செய்யும்? மோகன்குமார் ரேடியேட்டரைக் கழற்றி, எஞ்சினுக்குள் பைப் வைத்துத் தண்ணீர் அடித்து, மஞ்சளெல்லாம் போய்த் தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவினார். பட்டறை வாசல் முழுவதும் மாரியம்மன் பண்டிகை நடந்த மாதிரி ஆகிவிட்டது. கழுவி முடித்து, எல்லாம் மாட்டி, தண்ணீர் ஊற்றி, ஸ்டார்ட் செய்தோம். மாப்பிள்ளை, அதை நான் எப்படிச் சொல்லுவேன்? ரேடியேட்டரில் நாலு இடம், வாட்டர் பம்பு, கீழ் ஹோஸ், இன்னும் பெயர் தெரியாத மூலையெல்லாம் பீச்சியது. இத்தனை நாளாக அந்த வண்டியை ஒன்றாகப் பிடித்து வைத்திருந்ததே மஞ்சள்தான் போலிருக்கிறது. "இந்த வண்டில இரும்ப விட மஞ்சத்தானுங்க அதிகமா இருந்துருக்குது" என்றார் மோகன்குமார். பேசாமல் விட்டிருந்தால் இளம்பிள்ளை வரைக்குமாவது ஓடியிருக்குமே என்று நினைத்தேன். பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

பிறகு ஒவ்வொன்றாக அடைத்தோம். ரேடியேட்டரைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கிக் காற்றடித்து, குமிழி வந்த இடத்திலெல்லாம் ஈயம் வைத்தார்கள். பம்புக்கு அடியில் ஒரு சின்னத் துளை உண்டு, உள்ளே சீல் தேய்ந்தால் அதன் வழியாகச் சொட்டுமாம். அது சொட்டியது, புது சீல் போட்டார். இத்தனைக்குப் பிறகும் தண்ணீர் குறைந்தது, தரையும் பழையபடி காய்ந்துதான் கிடந்தது. மோகன்குமாருக்கே கோபம் வந்துவிட்டது. ரேடியேட்டர் வாயில் மாட்டிக் கையால் காற்றடிக்கிற ஒரு பம்பை எங்கிருந்தோ வாங்கிவந்தார். எஞ்சினை நிறுத்திவிட்டுக் காற்றடித்தால், உள்ளே அழுத்தம் ஏறி, ஒழுகுகிற இடத்தில் புஸ்ஸென்று சத்தம் வருமாம், எல்லோரும் மூச்சுவிடாமல் காதைக் கொடுக்க வேண்டுமாம். காதைக் கொடுத்தோம். பக்கத்துப் பட்டறையில் தகடு தட்டுகிறார்கள். அவர்களைப் போய்க் கும்பிட்டு நிறுத்தினால் ஐஸ் வண்டிக்காரர் மணியடிக்கிறார். அவரையும் கும்பிட்டேன். அவர் வண்டியை நிறுத்திவிட்டு, என்ன சங்கதி என்று கேட்டு, "ஹெட் கேஸ்கட்டுங்க" என்றார். அதற்குள் காற்றுப் பம்பில் அழுத்தம் காட்டுகிற முள் இறங்கிவிட்டது.

எனக்கு மத்தியானச் சோறு கொண்டுவந்த கந்தம்மாள்தான் முதலில் கேட்டாள். "பின்னாடிக்கா புஸ்ஸுங்குதுங்க" என்றாள். எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸ் சேருகிற இடம். ஆண்பிள்ளை கை எதுவும் நுழையாத சந்து. அவள் வளையலைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே கையை விட்டாள். தடவித் தடவிப் பார்த்து, "இங்க ஈரமிருக்குது, பொரிபொரியா உப்பும் இருக்குது" என்றாள். எஞ்சினின் பக்கவாட்டில் காசு மாதிரி தகடுகள் வைத்து அடைத்திருப்பார்கள், டம்மி என்பார்கள். பின்னால் இருந்த டம்மி துருப்பிடித்து ஊசித்துளை விழுந்திருக்கிறது. சூடேறினால்தான் கசியும். கசிந்த தண்ணீர் எஞ்சின் சூட்டிலேயே காய்ந்து ஆவியாகிவிடும். தரைக்கு எங்கே வந்து சேரும்? மோகன்குமார் என்னைப் பிடித்துக்கொண்டார். "போர் தண்ணிய ஊத்துனா இப்பிடித்தானுங்கண்ணா. நம்மூர்த் தண்ணி சோத்துப் பானையவே தின்னுபோடுது, தகட்ட உடுமா? கூலன்ட் ஊத்தோணுமுங்க." கியர்பாக்ஸை இறக்கி, பித்தளையில் புது டம்மி அடித்து, மறுபடி ஏற்றி, தண்ணீருக்குப் பதிலாகக் கடையில் விற்கிற கூலன்டை ஊற்றினார். கிளிப்பச்சை நிறம். இதை எஞ்சினுக்குள் ஊற்றவே மனம் வரவில்லை என்றாள் கந்தம்மாள், அவ்வளவு அழகு.

நேற்றுச் சாயங்காலம் நானும் அவளும் சங்ககிரி வரை ஓட்டிப் பார்த்தோம். அதே மேடு. அவள் சூடு காட்டுகிற முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தாள், நான் ரோட்டைப் பார்த்தேனா என்பதே சந்தேகம். மாப்பிள்ளை, முள் அசையவில்லை! ஏறும்போதும் அசையவில்லை, இறங்கும்போதும் அசையவில்லை. இருந்த இடத்தில் ஆணி அடித்த மாதிரி நின்றது. இத்தனை வருஷத்தில் அந்த முள் இவ்வளவு ஒழுக்கமாக நின்று நான் பார்த்ததில்லை. கந்தம்மாள் டேஷ்போர்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். திரும்பி வந்து ஒரு டம்ளர் டீ குடித்தேன்.

ஆகையால் தாங்கள் கேட்டபடி எழுத்தில் கொடுக்கிறேன். லாரி ஒரு சொட்டும் ஒழுகாது. சீர் இன்று பொழுது இறங்குவதற்குள் மண்டபத்துக்கு வரும். பீரோ, கட்டில், பித்தளை அண்டா, பட்டுச்சேலை, தட்டு வரிசை எல்லாம் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். பட்டுச்சேலையைத் தங்கள் கடையிலேயே எடுத்தோம், அதைத் தாங்கள் வெளியில் சொல்ல வேண்டாம். அன்பரசுவிடம் பக்குவமாகச் சொல்லி, அவனை வாசலில் நின்று பன்னீர் தெளிக்க வைத்துக்கொள்ளுங்கள். மாமன் முறையை மட்டும் என்னிடமிருந்து எடுத்துவிடாதீர்கள். எனக்குப் பெண் குழந்தை இல்லை மாப்பிள்ளை. எனக்கு இருக்கிற ஒரே கல்யாணம் இதுதான். அந்தப் பிள்ளை நெற்றியில் பட்டம் கட்டாமல் நான் பந்தியில் போய் உட்கார்ந்தால் இலையில் வைத்தது எனக்கு இறங்காது.

பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், தங்கள் பெரியம்மாவுக்குத் தனியாக ஒன்று. செல்லாயிக்கு ஆசீர்வாதம். கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் தறியில் பாவும் ஊடையும் போல இழை பிசகாமல் நூறு வயது இருக்க வேண்டும்.

தங்கள் பயந்த மைத்துனன்,
அர்த்தநாரி.

பின்குறிப்பு: இதை மகுடஞ்சாவடியில் ரோட்டோரம் நின்று எழுதுகிறேன். போனட்மேல் வைத்து எழுத முடியவில்லை, சுடுகிறது. சற்று முன் மோகன்குமார் போன் செய்தார். "அண்ணா, நல்லபடியாப் போறீங்களா? முள்ளுக்குப் போற ஒயரு என்னோட டப்பாலயே கெடக்குதுங்க. கியர்பாக்ஸ் ஏத்துனப்ப மாட்ட மறந்துபோட்டேனாட்ட இருக்குது" என்றார். முள் ஏன் அசையவில்லை என்பது அதற்கு முன்பே தெரிந்துவிட்டது, போனட்டிலிருந்து ஆவி வந்தது. கிளிப்பச்சை எல்லாம் போய்விட்டது. அடியில் குனிந்து பார்த்தேன், தரை காய்ந்து கிடக்கிறது. மேலே எழுதியதில் நமஸ்காரமும் ஆசீர்வாதமும் தவிர மற்றதைத் தாங்கள் படிக்காததாக வைத்துக்கொள்ளவும்.

ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, கொஞ்ச தூரம் ஓட்டி, மறுபடி ஆறவிட்டு வந்துகொண்டிருக்கிறோம். லாரியை நான் ஓட்டுகிறேன். கடிதத்தைக் கொடுத்து மாதேஷைப் பஸ் ஏற்றிவிடுகிறேன், பஸ் என்றதும் அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றுவது யார் என்று தாங்கள் கேட்டால், அதைத்தான் எப்படி எழுதுவது என்று தெரியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன். ஃபேர்லேண்ட்ஸ் பார்லரில் அலங்காரத்துக்கு என்று காலையில் தாங்கள் காரில் அனுப்பிவைத்தீர்களே, நம் கனிஷ்கா, அது அலங்காரத்தை முடித்துக்கொண்டு நேராகத் திருச்செங்கோட்டுக்கு வந்துவிட்டது. "அப்பா அன்பரசு மாமாவ நிக்க வெக்கப் போறாருன்னு அம்மா அழுதுக்கிட்டு இருக்கறாங்க மாமா. அதெப்படி வெக்கறாருன்னு பாக்கறேன். நான் உங்க கூடத்தான் வாரேன்" என்று காரைத் திருப்பி அனுப்பிவிட்டு, நாங்கள் தலைதலையாக அடித்துக்கொண்டும் கேட்காமல் லாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டது. கார் காலியாக வந்து நின்றால் பதறாதீர்கள். கந்தம்மாள் ஈரத்துணியால் ரேடியேட்டர் மூடியைத் திருகித் திறக்கிறாள், தங்கள் மகள் கை நிறைய மருதாணியோடு குடத்தைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றுகிறாள். மருதாணி நன்றாகச் சிவந்திருக்கிறது. போன் செய்து பார்க்காதீர்கள், மோகன்குமார் பேசி வைத்ததுமே கனிஷ்கா தன் போனையும் என் போனையும் அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "அப்பா எழுத்துலதானுங்க கேட்டாரு? எழுதியே அனுப்புங்க மாமா" என்கிறாள்.

அதனால் மாப்பிள்ளை, அன்பரசுவைத் தாங்கள் தாராளமாக மணவறையில் நிற்க வைத்துக்கொள்ளலாம், எனக்கு இப்போது ஆட்சேபணை இல்லை. பட்டம் கட்டப் பெண் வேண்டும், பெண் என் லாரியில் இருக்கிறாள். லாரி எப்போது ஆறுகிறதோ, அப்போது வருகிறோம்.